எல்ல மலைப்பாதையும் நின்றுபோன மோட்டார் சைக்கிளும்

சிங்கள மொழியில் 'எல்ல' என்றால் நீர்வீழ்ச்சி. ஊவா மாகாணத்தில், பதுளைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,040 மீற்றர் உயரத்தில் அமைந்திருக்கும் எல்ல என்னும் சிற்றூருக்கு அந்தப் பெயர் பொருத்தமானதுதான். ஊரின் தெற்கே இரண்டு மலைகளுக்கு நடுவில் வல்ல அல்லாஹ் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறான். அந்த இடைவெளியின் விளிம்பில் நின்று பார்த்தால், தேயிலைச் சரிவுகளும் காடும் கீழே இறங்கி இறங்கி, தூரத்தில் புழுதி நிறச் சமவெளியாக விரிந்து கிடப்பதைக் காணலாம். வெள்ளைக்காரப் பிரயாணிகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து நிற்பது இந்தக் காட்சிக்காகத்தான்.

ஆனால், நேயர்களே! ஊவாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த மலைவாசல் வெறும் காட்சியல்ல. அது ஒரு பாதை. எல்லவிலிருந்து வெல்லவாய சுமார் 27 கிலோமீற்றர். அந்த 27 கிலோமீற்றருக்குள் 800 மீற்றருக்கு மேல் இறங்கிவிட வேண்டும். திரும்பும்போது அத்தனையும் ஏற வேண்டும். இங்கே ஒரு வண்டி திக்கித் திணறினால் அது வெறும் சிரமத்தோடு முடிவதில்லை; சில வேளைகளில் உயிரோடு சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. நீண்ட நாள் ஓடாமல் நின்ற மோட்டார் சைக்கிளொன்றோடு இந்தப் பாதையில் போய் வந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் குடும்பங்களில் பலருக்கு இது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

வண்டிகள் நின்ற காலம்

இந்த நாட்டில் வண்டிகள் நின்றதற்குக் காரணங்கள் பல. 2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. அதே மாதத்தில் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டது. பின்னர் 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்தது. பெற்றோல் ஷெட்டுகளின் முன்னே இரவு பகலாக மக்கள் வரிசையில் கிடந்தார்கள். ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவிக்கப்பட்டது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். அந்த ஒரே வருடத்தில் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் தொழில் தேடி வெளிநாடு போனார்கள். போனவர்களின் வண்டிகள் வீட்டுத் திண்ணைகளிலும் கடைகளின் பின்புறத்திலும் தார்ப்பாயால் மூடப்பட்டு உறங்கின.

என் தங்கையின் கணவர், பதுளையைச் சேர்ந்த என் மச்சானும் அப்படிக் கட்டார் போனவர்தான். அவருடைய 100 சீ.சீ. வண்டியை அவரது தம்பி சில காலம் ஓட்டினார். பிறகு தம்பியும் விசா கிடைத்துப் போய்விட்டார். 2025 ஆகஸ்டில் மச்சான் விடுமுறையில் வந்தபோது வண்டி நின்று 14 மாதங்களாகியிருந்தன.

இந்த முறை அவர் மனதில் ஒரு நிய்யத் இருந்தது. அவருடைய வாப்பா அந்தக் காலத்தில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிப் புடவை விற்றவர். பொட்டணி வியாபாரம் என்பார்கள். கொழுந்து எடுக்கும் பெண்களுக்குத் தவணைக்குத் துணி கொடுத்து, சம்பள நாளில் போய்க் காசு வாங்குவது. பசறை, நமுனுகுல, தெமோதரைப் பக்கத்து லயங்களில் அவரை அறியாதவர் இல்லை. அதே தொழிலை மோட்டார் சைக்கிளில் செய்யலாமா? பிள்ளைகளை விட்டு இனியும் கடல் கடக்காமல் இருக்கலாமா? இதுதான் மச்சானின் கேள்வி. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டிருந்தாலும் புது வண்டியின் விலை அவர் சேமிப்பையெல்லாம் விழுங்கிவிடும். ஆகவே பழைய வண்டி ஓடினால் தொழில்; இல்லாவிட்டால் மீண்டும் கட்டார் என்ற நிலைமை.

பாஸ் சொன்ன முதற் பாடம்

பதுளையில் மச்சானுக்குத் தெரிந்த ஒரு கராஜ் பாஸ் இருக்கிறார். தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினைந்து வயதில் ஸ்பேனர் பிடித்தவர். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவுடன் மச்சான் கிக்கரை உதைக்கக் காலைத் தூக்கினார். பாஸ் தடுத்துவிட்டார்.

"நானா, மொதல்ல நிக்குதான்னு பாப்போம். ஓடுதான்னு பொறவு பாப்போம்."

எத்தனை பெரிய வார்த்தை! நின்ற வண்டியென்றால் நாமெல்லோரும் எஞ்சினைத்தான் நினைக்கிறோம். பாஸோ முதலில் பிரேக்கைக் கழற்றினார். டிரம்மின் உட்புறம் துரு படிந்திருந்தது. கட்டைகளின் மேல் கண்ணாடி போல ஒரு பளபளப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, லீவர் தானாகத் திரும்புகிறதா என்று பார்த்தார். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாக இருந்தால் அதன் திரவத்தை மாற்றியிருப்பேன் என்றார். காரணம் உண்டு. அந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். 'டொட் 3' எனப்படும் வகை புதிதாக இருக்கும்போது கொதிப்பதற்கு 205 பாகை வெப்பம் வேண்டும். ஈரம் ஏறிப் பழசானால் அந்தத் தாங்குதிறன் 140 பாகை அளவுக்கு இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால், லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பஞ்சை அழுத்துவது போலிருக்கும், வண்டி நிற்காது.

பிரேக்குக்குப் பிறகு டயர். ஓரங்களில் வெடிப்பு இருக்கிறதா, காற்று நிற்கிறதா என்று பார்த்தார். அதன் பிறகு எஞ்சின் ஒயிலை வடித்துப் புதிது ஊற்றினார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் சில சொட்டு ஒயில் விட்டு, கிக்கரைக் கையாலேயே மெதுவாக அழுத்தினார். உலர்ந்து கிடந்த பிஸ்டனை முதல் உதையிலேயே உராய விடக்கூடாதாம்.

பெற்றோலும் கெட்டுப்போகும்

பிறகு தாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பார்க்கச் சொன்னார். பெற்றோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவின் புளித்த வாடை!

பால் கெடும், பழம் கெடும், பெற்றோலுமா கெடும் என்று சகோதரிகள் கேட்கலாம். ஆம், கெடும். பெற்றோல் என்பது ஒரே பொருளல்ல. இலேசானதும் கனமானதுமான பல எண்ணெய்களின் கலவை. எளிதில் தீப்பிடிக்கும் இலேசான பகுதி சில மாதங்களில் ஆவியாகிப் போய்விடுகிறது. எஞ்சியது காற்றோடு கலந்து பிசின் போலாகிறது. அந்தப் பிசின் முதலில் போய் அடைப்பது காபுரேட்டருக்குள் இருக்கும் மிகச் சிறிய துளையை. பாஸ்மார் அதை 'ஸ்லோ ஜெட்' என்பார்கள். எக்ஸிலேட்டரை முறுக்காமல் வண்டி நின்றபடி இரையும்போது பெற்றோல் வருவது அந்தத் துளை வழியாகத்தான். அதன் அகலம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு.

நின்று எழுந்த வண்டிகளின் நோயில் பெரும்பங்கு இந்த ஒரு துளையில்தான் இருக்கிறது. 'சோக்' இழுத்தால் ஓடும், தள்ளினால் நின்றுவிடும். முறுக்கிப் பிடித்தால் ஓடும், விட்டால் அணைந்துவிடும் என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பாஸ் பழைய பெற்றோலை முழுவதும் வடித்தார். தாங்கியின் அடியிலுள்ள டெப்பைக் கழற்றி அதன் வலையைக் கழுவினார். காபுரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால், அதில் தேன் நிறத்தில் ஒரு படிவு. ஜெட்டுகளைக் கழற்றிச் சுத்தப்படுத்தும் திரவத்தில் ஊறவைத்து, காற்று அடித்து ஊதினார். ஊசியாலோ கம்பியாலோ குத்தக்கூடாது என்றார். துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் பெற்றோல் அளவு மாறிவிடுமாம். ஸ்லோ திருகாணியைக் கழற்றுமுன், அது உள்ளே முட்டும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டார். திரும்ப மாட்டும்போது அதே சுற்று. புதிய பிளக், புதிய பெற்றோல். நான்காவது உதையில் வண்டி பிடித்துக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ்!

தங்கை உடனே தலைக்கவசத்தைத் தேடினாள். வெல்லவாயவில் சுகவீனமாக இருக்கும் அவளது மாமியாரின் தங்கையைப் பார்க்கப் போகலாம் என்று மச்சான் சொல்லி வைத்திருந்தார். பாஸ் கையை ஆட்டினார். "பொம்பளையாள இன்னைக்கி ஏத்தாதீங்க நானா. நீங்க ரெண்டு பேரும் எல்ல வழியா எறங்கி ஏறிட்டு வாங்க. மிச்சத்த ரோட்டு சொல்லும்."

ஏற்றம் சொன்னது

மறுநாள் சுப்ஹு தொழுதுவிட்டு, பிரயாண துஆவை ஓதிப் புறப்பட்டோம். பதுளை சுமார் 680 மீற்றர் உயரம். ஹாலிஎல வரை வண்டி பூனை போல ஓடியது. அதற்கப்பால் தெமோதரைக்கு ஏறத் தொடங்கியதும் மெல்லத் தளர்ந்தது. எக்ஸிலேட்டரை முறுக்க முறுக்க இழுவை குறைந்தது. சற்றே விட்டால் உயிர் வந்தது. மீண்டும் முறுக்கினால் மீண்டும் தளர்ச்சி. தெமோதரைக்குச் சற்று முன்னே முற்றாக நின்றுவிட்டது.

இது பெற்றோல் பட்டினியின் அடையாளம். சமதரையில் எஞ்சின் கொஞ்சமாகக் குடிக்கிறது. ஏற்றத்தில் நிறையக் கேட்கிறது. கேட்கும் அளவுக்கு வந்து சேராவிட்டால் இப்படித்தான் ஆகும். தாங்கியில் பெற்றோல் இருக்கிறது. வலை நேற்றுத்தான் கழுவியது. அப்படியானால் தடை எங்கே? மச்சான் தாங்கியின் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்ட சத்தம்! உடனே உதைத்தால் வண்டி ஓடியது.

தாங்கியிலிருந்து பெற்றோல் கீழே இறங்க வேண்டுமானால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியில் ஒரு நுண்ணிய துளை உண்டு. தார்ப்பாயின் கீழே 14 மாதம் கிடந்ததில் ஒரு மண் குளவி அந்தத் துளையை மண்ணால் பூசிவிட்டிருந்தது. ஒரு சேப்டி பின்னால் அந்த மண்ணைக் கிளறி எடுத்து ஊதினோம். இரண்டு நிமிட வேலை. இதை அறியாதவர்கள் வழியில் வண்டியைக் கைவிட்டு லொறி பிடித்து ஏற்றிப் போவதும் நடக்கிறது.

நின்ற இடமோ சாதாரண இடமல்ல. கொழும்பிலிருந்து வரும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பதுளையை அடைந்தது 1924இல். மலையின் சரிவை ரயில் தாங்க வேண்டுமே! இந்தப் பாதையில் அதிகபட்சமாக 44 அடி முன்னே போனால் ஓர் அடிதான் ஏறவோ இறங்கவோ விடுவார்கள். தெமோதரையில் இடம் குறுகல், உயர வித்தியாசமோ அதிகம். ஆகவே பாதையை ஒரு வளையமாகச் சுற்றவிட்டு, நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் குடைந்து கொண்டு போனார்கள். மேலே நிலையம், கீழே அதே பாதை! அவசரப்படாமல் சுற்றிப் போய்க் காரியத்தைச் சாதித்த அந்தப் பொறியியலாளர்களின் பொறுமையை நின்ற வண்டியைப் பழுது பார்க்கும் எவரும் கற்றுக்கொள்ளலாம்.

எல்லவில் ஒரு பிளேன்டீ

கும்பல்வெலச் சந்தியில் திரும்பி எல்லவை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தையும் போய்ப் பார்த்தோம். 1921இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலம் 91 மீற்றர் நீளமும் 24 மீற்றர் உயரமும் கொண்டது. கல்லும் செங்கல்லும் சீமெந்தும் மட்டுந்தான், உருக்கு இல்லை. சுற்றிலும் தேயிலை. கச்சான் காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில் ஊவாத் தேயிலைக்குத் தனியொரு மணம் வருகிறது. உலகச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு. நாங்கள் போனதும் அந்தப் பருவத்தில்தான். தேநீர்க் கடையில் குடித்த பிளேன்டீ அதற்குச் சாட்சி சொன்னது.

ஆனால் வண்டியில் இன்னொரு குறை தெரிந்தது. கடை வாசலில் நிறுத்தியபோது எஞ்சின் 'டக்... டக்டக்... டக்' என்று மிஸ் அடித்தது. சைலன்சரில் கறுப்புப் புகை. அருகிலிருந்த ஒருவர், "இது உயரமான இடம், காத்து குறைவு, அப்படித்தான் இருக்கும்" என்றார்.

மலைநாட்டில் எல்லோரும் சொல்லும் சமாதானம் இது. இதில் உண்மை எவ்வளவு? ஒவ்வொரு 1,000 மீற்றர் ஏற்றத்துக்கும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. காபுரேட்டர் வண்டியில் அதே அளவு பெற்றோலுக்குக் காற்று குறைவதால், வெல்லவாயவில் சரியாக ஓடும் வண்டி அப்புத்தளையில் கொஞ்சம் கறுப்பாகப் புகைக்கலாம். இழுவையிலும் பத்திலொன்று குறையலாம். (பெற்றோலை ஊசிமுனையால் பீச்சும் புதிய வகை வண்டிகள் இந்த வித்தியாசத்தைத் தாமே கணக்கிட்டுச் சரி செய்துகொள்கின்றன.) ஆனால் பதுளையிலிருந்து எல்லவுக்கு ஏறியது 360 மீற்றர்தான். அதற்காக ஒரு வண்டி திக்கித் திக்கி ஓட வேண்டியதில்லை. மலை வண்டியின் பலத்தைக் கொஞ்சம் குறைக்கும்; மிஸ் அடிக்க வைக்காது. பழியை மலை மேல் போட்டுவிட்டால் உண்மையான கோளாறு ஒளிந்துகொள்கிறது.

எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றினோம். பிளக் என்பது வண்டியின் நாக்கு. வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது போல அதைப் பார்க்க வேண்டும். வெளிறிய கோப்பி நிறமாக இருந்தால் சுகம். வெள்ளை வெளேரென்று இருந்தால் பெற்றோல் குறைவு, எஞ்சின் அதிகம் சூடாகிறது. கரி பூசியது போலக் கறுத்திருந்தால் பெற்றோல் அதிகம் அல்லது காற்று குறைவு. எங்கள் புதிய பிளக் ஒரே காலையில் கரியாகியிருந்தது.

காற்று வழியைத் தேடினோம். எயார் ஃபில்டரை நேற்றுத்தான் பாஸ் தட்டிச் சுத்தம் செய்தார், அதில் குறையில்லை. கடைசியில் கண்டுபிடித்தது 'சோக்' லீவரை. காலையில் குளிரில் இழுத்து விட்டது, துருவினால் இறுகி, பாதியிலேயே நின்றிருந்தது. விரலால் அழுத்தி முழுவதும் தள்ளினோம். பிளக்கைத் துடைத்து மாட்டியதும் சத்தம் சீரானது.

இறக்கம் சொன்னது

எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கினோம். ஆறாவது கிலோமீற்றர் அளவில் இராவண எல்ல நீர்வீழ்ச்சி, சுமார் 25 மீற்றர் உயரத்திலிருந்து பாதையின் ஓரத்திலேயே விழுகிறது. இராவணன் பெயரோடு பல ஐதீகங்களை இந்த ஊர் மக்கள் சொல்வார்கள். குளிக்கும் இளைஞர் கூட்டமும் சோளம் அவிக்கும் பெண்களும் அங்கே எப்போதும் உண்டு.

அந்த இறக்கத்தில் மூன்றாவது குறை வெளிப்பட்டது. எக்ஸிலேட்டரை முற்றாக விட்டு கியரில் இறங்கும்போது சைலன்சரில் 'பட் பட்' என்று சிறு வெடிச்சத்தம். நின்றால் எஞ்சின் உடனே தணியாமல் சற்று நேரம் வேகமாக இரைந்து பிறகே இறங்கியது. இது கறுப்புப் புகைக்கு நேர் எதிரான அடையாளம். எங்கோ ஒரு வெடிப்பு வழியாகக் காற்று களவாக நுழைகிறது என்று பொருள். வெல்லவாயவில் லுஹர் தொழுதுவிட்டுப் பார்த்தபோது, காபுரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. வளைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரிந்தது. நின்ற நாட்களில் ரப்பர் உலர்ந்து போனதன் விளைவு. அங்கே கடையொன்றில் அதே அளவு ரப்பர் கிடைத்தது. மாற்றிக்கொண்டு ஏறினோம். எல்ல வரை வண்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை.

ஆக, ஏற்றம் பெற்றோல் வழியின் குறையைச் சொன்னது. சமதரையில் நின்றபோது 'சோக்'கின் குறை தெரிந்தது. இறக்கம் களவுக் காற்றைக் காட்டிக் கொடுத்தது. பாஸ் சொன்னதுதான் சரி, ரோட்டு சொல்லியது!

இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பெற்றோலை மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை அணைத்து, கியரை விடுவித்து வண்டியை உருள விடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. அந்த உதவியை இழந்தால் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுந்து, அது சூடேறி, தேவையான நேரத்தில் கைவிட்டுவிடும். நாங்கள் போய் வந்த அடுத்த மாதமே, 2025 செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு, இதே எல்ல – வெல்லவாயப் பாதையில் சுற்றுலா வந்த பஸ்ஸொன்று பள்ளத்தில் பாய்ந்து பதினைந்து உயிர்கள் போயின. செய்தியைக் கேட்டபோது அந்த வளைவுகள் என் கண்முன்னே வந்தன. 'நின்றால்தான் ஓட்டம்' என்பது இந்த மலையின் சட்டம்.

வெளிநாடு போகும் சகோதரர்களுக்கு

வண்டியை விட்டுப் போகும் நாளில் ஒரு மணித்தியாலம் செலவழித்தால் பின்னாளில் இந்தப் பாடுகள் பெரும்பாலும் இல்லை. பெற்றோல் டெப்பை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும் வரை ஓடவிடுங்கள். பிறகு காபுரேட்டரின் அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். நீண்ட காலமென்றால் தாங்கியையும் காலி செய்து, உட்புறம் சிறிது ஒயில் படும்படி ஆட்டி வையுங்கள். ஒக்டோபருக்குப் பின் ஊவாவில் கொட்டும் வடகீழ்ப் பருவ மழையில் தாங்கிக்குள்ளேயே ஈரம் கோத்துத் துருப் பிடிக்கும். பெட்டரியைக் கழற்றி, இரண்டு மாதத்துக்கொரு முறை சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். டயர்கள் தரையில் அழுந்தாமல் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைலன்சர் வாயைத் துணியால் கட்டுங்கள். எலியும் குளவியும் குடியேறாது. அந்தத் துணியை வந்ததும் அவிழ்க்க மறவாதீர்கள்!

வீட்டிலுள்ளவர்கள் வாரத்துக்கொரு முறை இரண்டு நிமிடம் இரைய விட்டு அணைப்பதால் பெரிய நன்மையில்லை. எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் அணைத்தால் உள்ளே ஈரம்தான் மிஞ்சும். ஓட்டத் தெரிந்த ஒருவர் அரை மணி நேரம் ஓட்டி வருவதே நல்லது. குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலை மூடிய வீட்டுக்குள் ஒருபோதும் எஞ்சினை ஓடவிட வேண்டாம். அந்தப் புகையிலுள்ள விஷவாயுவுக்கு மணமில்லை. உறங்கும் பிள்ளைகளை உறக்கத்திலேயே கொன்றுவிடும். வடித்த பெற்றோலை சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது.

திரும்பி வந்ததும் வரிசை மாறாமல் பாருங்கள். முதலில் பிரேக், டயர். பிறகு ஒயில். பிறகு பெற்றோல்: வாசனை, தாங்கி மூடி, டெப் வலை, ஜெட். பிறகு பிளக். பிறகு காற்று: சோக், ஃபில்டர், ரப்பர். இவையெல்லாம் சரியாக இருந்தும் திக்கினால் மட்டுமே வால்வு, பிஸ்டன் என்று எஞ்சினைத் திறக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; நான்கையும் சேர்த்து மாற்றினால் எது நோய், எது மருந்து என்பது தெரியாமற் போகும். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவற்றின் திகதிகளையும் பாருங்கள். கறுப்புப் புகை விடும் வண்டி அந்தப் பரிசோதனையில் தேறாது.

மச்சான் கட்டார் போகவில்லை. இரண்டு வாரம் தனியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் தங்கையை ஏற்றிக்கொண்டு வெல்லவாயவுக்குப் போய் வந்தார். செப்டெம்பர் சம்பள நாளிலிருந்து புடவைப் பொதியோடு தோட்டங்களுக்கு ஏறத் தொடங்கினார். நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்து பதுளை மாவட்டத்தின் மலைகளைச் சரித்தபோது வியாபாரம் சில காலம் நின்றது. பஸ் போக முடியாத ஒரு தோட்டத்துக்கு, தவணைக்குப் புடவை வாங்கிய ஒரு மூதாட்டியின் நீரிழிவு மருந்தை அந்த வண்டியிலேதான் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வாரம் அவர் யாரிடமும் தவணைக் காசு கேட்கவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொல்லித் தந்ததை நாமெல்லோரும் அறிவோம். இந்தக் காலத்து ஒட்டகம் மோட்டார் சைக்கிள். அதன் பிரேக்கைப் பார்ப்பதும் பெற்றோலை மாற்றுவதும் அதைக் கட்டுவதைப் போன்றதுதான். சூரா அஸ்ஸுக்ருஃபிலுள்ள பிரயாண துஆவை ஓதும்போது, வாகனத்தை நமக்கு வசப்படுத்தித் தந்தவன் அவனே என்பதை நினைக்கிறோம். வசப்பட்டதைப் பேணி வைப்பது நம் அமானிதம். மலைப்பாதைகளில் உழைத்துத் திரியும் எல்லாத் தகப்பன்மாரையும் மஃரிபுக்கு முன்னே பிள்ளைகளிடம் பத்திரமாகக் கொண்டு சேர்க்க வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக! ஆமீன்.